டம்ளரில் எழுந்த கட்டைவிரல்

காசிமேடு
11.6.2007

மகள் புஷ்பவல்லிக்கு அம்மா எழுதுவது. உன் இடுப்பு வலி குறைந்ததா? மாப்பிள்ளை கடலுக்குப் போகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் மகள் சௌமியா தடயவியல் படிக்க இரண்டு கல்லூரிகள் பார்த்தோம். நீ சொன்ன கல்லூரியில் பளிங்குத் தரை இருக்கிறது, சோதனைக்கூடம் இல்லை. மற்றதில், நான் தண்ணீர் குடித்த டம்ளர்மேல் சோதனைக்கூடத்தில் இருந்த ஒருவர் கறுப்புப் பொடி தூவினார். என் கட்டைவிரல் ரேகை அப்படியே எழுந்தது, புஷ்பா!

"இன்னா ஆயா, மீன் வெட்டி வெட்டி ரேகையே தேஞ்சி கீது! ஆனா இந்த அருவாமனைத் தழும்பு ஒலகத்துலயே உனுக்கு மட்டுந்தான்" என்றார்.

உன் அப்பாவின் உடல் கரை ஒதுங்கியபோது, 'யாரோ' என்று எழுதி மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டு, பத்து நாள் கழித்து என்னிடம் சட்டையைக் காட்டினானே அந்த ஏட்டு, அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அப்பாவின் மூன்று விரல்களில் தூண்டில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. ஒருத்தனும் பார்க்கவில்லை.

சௌமியாவை இந்தக் கல்லூரியில்தான் சேர்க்கிறேன். அசல் மதிப்பெண் பட்டியலை அனுப்பு. கூடவே நீ உடுத்திய பழைய புடவை ஒன்றும் வை, சௌமியா தலைக்கு வைத்துப் படுக்க.

மீன் வெட்டி வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள், ஓடுகிறேன். கையெழுத்துக்குக் கீழே என் கட்டைவிரலை மை தொட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாதே.

அம்மா