கப்பலுக்கும் உராய்வுதானா?

ஏப்ரல் 4, வெள்ளி

காலையிலேயே வெயில் முதுகில் ஏறிவிட்டது. நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் ராக்கெட் பட்டாசு லேபிளுக்குத் திரும்பத் திரும்பத் திருத்தம். பச்சை இன்னும் பச்சையாக வேண்டுமாம். இருக்கிற பச்சைக்கு என்ன குறைச்சல்?

நாரணாபுரம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வந்துவிட்டது. டைட்டானிக் மூழ்கக் காரணம் பனிப்பாறையா, நிலக்கரித் தீயா, கப்பலை மாற்றிய மோசடியா? போன வருஷம் மாமியாரா மருமகளா. நடுவர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார், யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனவர்.

நான் பேசப்போவது நிலக்கரித் தீ கட்சிக்கு. கேட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

படித்தது: கிளம்பும் முன்பே நிலக்கரி அறையில் தீ கனன்றுகொண்டிருந்தது. இது உண்மை. கரி அள்ளிப்போட்ட ஆட்களே பிறகு விசாரணையில் சொன்னது. அந்தச் சூட்டில் தடுப்புச்சுவர் வலுவிழந்தது என்பது ஊகம். மோசடிக் கட்சி: பழுதான வேறொரு கப்பலுக்குப் பெயர் மாற்றி, இன்சூரன்சுக்காக அனுப்பினார்களாம். சுத்தக் கப்சா.

என் அக்கா ராணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாறை எப்படிப் பட்டுச்சு?"

"பக்கவாட்டுல உரசிட்டுப் போச்சுக்கா."

சிரித்துவிட்டாள். "கப்பலுக்கும் உராய்வுதானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன சீசனில் அவள் வேலை பார்த்த பட்டாசு ஷெட் வெடித்தது. கூட வேலை பார்த்த பேச்சியம்மாள் செத்துப்போனாள். அக்காவுக்கு வலது கை வெந்துபோனது; விரல்கள் மடங்காது. காரணம் என்று பேப்பரில் ஒரே வார்த்தை, உராய்வு. இந்தப் பக்கம் எந்த ஷெட் வெடித்தாலும் அதே வார்த்தைதான், அச்சுக்குக் கம்போஸ் பண்ணியே வைத்திருப்பார்கள் போல. உராய்வு என்றால் உரசியவள் ஒருத்தி வேண்டுமே. உயிரோடு மிஞ்சியது அக்கா; பழி அவள் மேல். அன்றிலிருந்து பேச்சி வீட்டார் முகம் கொடுப்பதில்லை. அக்கா தெருக்குழாய்க்குக்கூடப் போவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

மோசம். விஷயம் தெரிந்தவர்கள் பலர் தீயை ஒப்புக்கொள்ளவில்லை. பாறை ஒன்றே போதுமாம் அந்தக் கப்பலுக்கு. என் கட்சி ஆட்டம் கண்டுவிட்டது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம்.

சாப்பிடும்போது கேட்டேன். "அன்னிக்கு என்னதான்க்கா நடந்துச்சு?"

"மருந்துக் கலவை கையில சுட்டுச்சு. போர்மேன்ட்ட சொன்னேன். லோடு நிக்குது, அள்ளுன்னாரு. அள்ளுனோம்."

"விசாரணைக்கு வந்தவுகட்ட சொல்லலியா?"

"யாரு கேட்டாக?"

தட்டைத் தள்ளிவிட்டு நோட்டை எடுத்தேன். தெளிவு வந்துவிட்டது. தீதான் மூழ்கடித்தது என்று சாதிக்கப் போவதில்லை. பாறை உரசியது, சரி. எரிகிற அறையோடு கப்பலை எடுக்கச் சொன்னது யார்? இதைக் கேட்பேன். கேட்டே தீருவேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. சேலைக்கு ஊக்கு வாங்க வேண்டும். தொண்டைக்கு மிட்டாய்.

நடுவர் போன். "உள்ளூர் விஷயம் எதுவும் வேண்டாம்மா. பட்டாசு முதலாளிமாரெல்லாம் முன்வரிசையில இருப்பாக."

"கப்பலைப் பத்தி மட்டுந்தான் பேசுவேன் சார்."

பொய் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று சாயங்காலம் பட்டிமன்றம். அக்கா வந்தாள்! கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில்.

பனிப்பாறைக்காரர் நன்றாகவே பேசினார். மோசடிக்காரருக்குத்தான் கைதட்டல். கடைசியில் நான். "உள்ளே தீ இருக்குன்னு தெரிஞ்சவங்க அந்தக் கப்பல்ல இருந்தாங்க. அவங்க சொன்னதை யார் கேட்டா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். பட்டிமன்றத்தில் கூட்டத்தைக் கேட்பது ஒரு பாணி. யாரும் பதில் சொல்வதில்லை.

அக்கா எழுந்துவிட்டாள்.

"நான் சொன்னேன். கலவை சுடுதுன்னு சொன்னேன். அள்ளுன்னாக."

மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. நடுவர் மணி அடித்தார். யாருக்கு அடித்தார் என்று அவருக்கே தெரியாது.

தீர்ப்பு: பனிப்பாறை. போகட்டும்.

கூட்டம் கலையும்போது பேச்சியின் மாமியார் அக்காவிடம் வந்தார். முந்தானையை விலக்கி அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வெல்லம் கொஞ்சம் தூக்கல். சாப்பிட்டு முடித்ததும் வாசலில் போர்மேன், புதுச் சட்டையில்.

"கூட்டத்துல சொன்னது கப்பலப் பத்துன பேச்சுன்னு அக்காவ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க தங்கச்சி. அம்புட்டுத்தான். எதுக்கு எல்லாருக்கும் மனக்கஷ்டம்?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அடுக்களையிலிருந்து அக்கா குரல்.

"உள்ள வரச் சொல்லு புள்ள. அன்னிக்குக் காதுல விழலன்னா இன்னொரு தடவை சொல்றேன்."