சனிக்கிழமைக்கு ஓர் ஆள்

ஜூன் 3, 2025. செவ்வாய்.

இந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கொடுத்தார்கள். இளைஞர் தியானம். வெளியூரிலிருந்து வந்த பிரதர் ஒருத்தர், தினமும் மூன்று நன்றி எழுதுங்கள், நாலே மாதத்தில் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள் என்றார். "மூணு தேறலேன்னா என்ன பண்றது பிரதர்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பிரதரும் சிரித்தார். பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சரி, எழுதுகிறேன். கம்பெனி வேன் இன்று லேட், அதனால் அரைமணி நேரம் தெப்பக்குளத்துப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு நன்றி. மற்ற இரண்டும் தேறவில்லை.

ஜூன் 4, புதன்.

கரண்ட் போகவில்லை. நன்றி. போதும்.

ஜூன் 9, திங்கள்.

தம்பி ஜூடுக்கு ஒத்தக்கடைப் பக்கம் காலேஜில் சீட் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ். பயல் வீட்டுக்குள் நடப்பதே இல்லை, குதிக்கிறான். ஃபீஸ் கட்டப் போவது எங்கள் கோயில் பெரிய மனுசர் செபஸ்தியான் சார். கட்டலாம், கட்டாமலும் போகலாம். அது என் வாயில் இருக்கிறதாம்.

அப்பா போய்க் கேட்டிருக்கிறார். சார் உட்காரவைத்து, காபி கொடுத்து, "தம்பிய நான் பாத்துக்கிறேன் தனிஸ்லாஸ். ஆனா ஆன்சி வந்து ஒரு வார்த்த சொல்லணும். எங்கம்மா நினைவுப் பூசையன்னைக்கு, எல்லார் முன்னாடியும். எனக்காக இல்லப்பா, மத்த பிள்ளைங்க பாத்துக் கத்துக்கணும்ல" என்றாராம். இதைச் சொல்லும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நர்சிங் இரண்டாம் வருஷம் வரை சார் தயவில் படித்தவள். எங்கள் கோயில் பங்கில் அப்படிப் படிப்பவர்களுக்கு 'சாரோட பிள்ளைங்க' என்று பேர். சாரோட பிள்ளைங்க சனிக்கிழமை சார் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் போக வேண்டும். பூண்டு உரிக்க, ஜன்னல் துடைக்க, விசேஷம் என்றால் அண்டா கழுவ. அதற்கு ஒத்தாசை என்று பேர். நானும் போனேன். ஒரே ஒரு சனிக்கிழமை, பரீட்சைக்கு முந்தி, வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று அவர் மகளுக்கு வளைகாப்பு. மறுநாள் பூசை முடிந்ததும் சார் மைக்கைப் பிடித்து, "சில பிள்ளைங்களுக்கு நன்றிங்கிறதே மறந்து போச்சு" என்றார். பேர் சொல்லவில்லை. மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது.

திங்கட்கிழமை போய் டி.சி. வாங்கிவிட்டேன். அம்புட்டுதான். ஊரில் கேட்டால் வேற வேற சொல்வாங்க. படிப்பு ஏறல, பையன் பின்னாடி சுத்துனா, திமிரு. மூணாவது மட்டும் உண்மை.

ஜூன் 14, சனி.

கப்பலூரில் எங்கள் கம்பெனி பாட்டில் மூடி செய்கிறது. சூடாக வந்து விழும் மூடியில் ஓரத்துப் பிசிறை நறுக்குவது என் வேலை, பக்கத்து ஸ்டூலில் முனீஸ்வரிக்கும் அதே வேலை. சேர்ந்த நாளிலிருந்து அவள் கொண்டுவரும் குழம்பில் பாதி என் டப்பாவுக்கு வந்துவிடும். கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. வரும்.

பிரதர் சொன்னாரே என்று இன்று, "தேங்ஸ்டி முனீசு" என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். "என்னாடி?"

"தேங்ஸுன்னேன்."

"ஏன், நாளைலருந்து வேற டேபிளுக்குப் போறியா?"

"இல்லடி, சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்ல நான் என்ன ஒனக்கு யாரோவா? கோவமா இருந்தா நேரா சொல்லு. தேங்ஸாம்ல தேங்ஸு." சாயங்காலம் வேன் ஏறும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

ஒரு வீட்டில் சொல்லவில்லை என்று வஞ்சாங்க. இங்கே சொன்னதுக்கு வசவு.

ஜூன் 21, சனி.

நாளைக்கு அந்த நினைவுப் பூசை. இரண்டு பேச்சு தயார். ஒன்று அம்மா பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுதிவந்தது. 'வழி தவறிய மகளாக' என்று ஆரம்பிக்கிறது. இன்னொன்று என்னுடையது, மனசுக்குள் மட்டும். அதில் பூண்டு வருகிறது, அண்டா வருகிறது, சாரோட மகள் என்னை "ஏ பொண்ணு" என்று கூப்பிட்டது வருகிறது. அதைச் சொன்னால் மைக்கே உருகிவிடும்.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: "ஒன் வாய் ஒரு நாளைக்குச் சும்மா இருந்தா, அவன் மூணு வருசம் படிச்சிருவான்டி."

ஜூன் 22, ஞாயிறு.

அம்மா கொண்டுவந்த பேச்சைத்தான் பேசினேன்.

அதைச் சொல்லக் கூடாதென்றுதான் போனேன். சத்தியமா. மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமும்போது முதல் பெஞ்சில் ஜூடு. அப்பாவின் கல்யாணச் சட்டையைச் சின்னதாக்கித் தைத்துப் போட்டிருந்தான். வேர்த்து ஊற்றுகிறது அவனுக்கு. அவன் என் வாயையே பார்க்கிறான், ஊசி போட வரும் நர்சைப் பார்ப்பது மாதிரி. 'வழி தவறிய மகளாக' என்று ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சார் அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோசமான ஆளாக இருந்தால் எம்புட்டு வசதி. அந்த மனுசன் நல்லது செய்வதாக நம்புகிறார். செய்யவும் செய்கிறார். தலையில் கைவைத்து, "மன்னிச்சிட்டேன்மா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே பொங்கல் கொடுத்தார்கள். இலையை வாங்கும்போது சார் வீட்டம்மா ரெஜினா டீச்சர் அம்மாவிடம், "பிலோமினா, மாடியில ரூம் கட்டுறோம். சனிக்கிழமை ஜூடை அனுப்பி வையி, சும்மா ஒரு ஒத்தாசைக்கு" என்றார்.

"அதுக்கென்ன டீச்சர், வருவான்" என்றாள் அம்மா.

ஜூன் 23, திங்கள்.

எழுத எதுவும் இல்லை. வாய் கசக்கிறது.

ஜூலை 5, சனி.

ஜூடு சார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். கீழே கொட்டியிருக்கும் மணலைச் சட்டியில் அள்ளி மாடிக்கு ஏற்ற வேண்டும், புதுச் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டும். கையெல்லாம் சிமெண்டு வெடிப்பு. "நல்ல மனுசங்கக்கா. ஐஸ்க்ரீம்லாம் குடுத்தாங்க" என்றான்.

எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். வெனிலா.

ஜூலை 11, வெள்ளி.

கேவலமான நாள். யார் மேலும் தப்பில்லை, நான்தான்.

ஜூடுக்கு ஒரு பை வாங்கிக் கொடுத்தேன். நல்ல பை, மழை பெய்தாலும் உள்ளே நனையாது. காலையில் கொடுத்தேன். பிரித்தான், புத்தகத்தை உள்ளே தள்ளினான், மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு. எத்தனை நாள் ஓவர்டைம் பார்த்து வாங்கினேன், ஒரு சிரிப்புச் சிரிச்சா கொறஞ்சா போயிருவான்? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நன்றின்னா என்னன்னே தெரியல—

அப்படியே நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. ரெஜினா டீச்சருடையது. அவர் இழுத்துச் சொல்கிற அதே இழுவையோடு எனக்குள்ளிருந்து வந்தது.

அப்ப நானும் அந்த ஜாதிதானா? ஒரு பைக்கே எனக்கு இந்தப் பாடு. ஒரு படிப்பையே கொடுத்தவருக்கு எம்புட்டு வேணும்? கொடுப்பதில் ஏதோ ஒரு கொக்கி இருக்கிறது. கொடுக்கும்போது தெரியவில்லை, மறுநாள் பிடித்து இழுக்கிறது.

சாயங்காலம் பையன் பையைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

ஜூலை 27, ஞாயிறு.

முதல் டெஸ்டில் ஜூடு மூன்று பாடத்தில் அவுட். திங்கட்கிழமை திங்கட்கிழமை டெஸ்டாம். சனிக்கிழமை மணல், ஞாயிறு பூசையும் உடம்பு வலியும். எங்கே படிப்பான்?

"சார்ட்ட சொல்லேன்டா, டெஸ்டு இருக்குன்னு."

"நீ சொல்லித்தான என்ன ஆச்சு?"

பிறகு அவனே, ரொம்ப சாதாரணமாக, "நானும் டி.சி. வாங்கிரவாக்கா? ஒன்கூட மூடி கம்பெனிக்கு வந்துர்றேன். ஜாலியாத்தான இருக்கு ஒனக்கு" என்றான்.

ஜாலியா இருக்காம். இவன் முன்னாடி சிரிச்சுக்கிட்டே திரிஞ்சது என் தப்பு.

அம்மாவிடம் கத்தினேன். "நானே போய்ப் பேசுறேன் அந்த வீட்டுல." அம்மா கும்பிட்டாள். கையெடுத்து, நிஜமாகவே. "நீ பேசாம இருந்தாலே போதும் தாயி. நீ பேசுனா வெளங்கிரும்."

ஆகஸ்ட் 2, சனி.

பேசவில்லை. போனேன்.

நேற்று ஜூடிடம், "மேஸ்திரி ஆள் வச்சிட்டாராம், இந்தச் சனிக்கிழமை வேணாமுன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். கம்பெனியில் சூப்பர்வைசர் உக்கிரபாண்டி அண்ணனிடம் கெஞ்சி, இனிமேல் சனிக்கு லீவு, பதிலுக்கு ஞாயிறு ஷிப்ட். எப்போதும் போல டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வேனுக்கு நிற்காமல் மாட்டுத்தாவணி போய், சார் வீட்டுக்கு மேலூர் பஸ்.

ரெஜினா டீச்சர் கதவைத் திறந்து, "ஜூடு வரலியா?" என்றார்.

"அவனுக்கு வகுப்பு இருக்கு டீச்சர். நான் செய்றேன். அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க, பயப்படும்."

"நீயா?" மேலும் கீழும் பார்த்தார். "பரவால்லயே! மன்னிப்புக் கேட்டப்புறம் ஒன் மூஞ்சியே தெளிஞ்சிருக்கு பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு மணல் அள்ளினேன். இதே வீட்டில் பூண்டு உரிக்க மாட்டேன் என்றுதான் படிப்பை விட்டேன். இப்ப மணல். முன்னேற்றம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு வரச் சொன்னார்கள், வந்தேன். இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நானே வந்தேன். இரண்டும் வேறயா? மூன்றாவது மாடிப்படியில் நின்று யோசித்தேன். முதுகு வலியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி.

முனீஸ்வரிக்கு மட்டும் தெரியும். லீவு எதற்கு என்று துருவித் துருவிக் கேட்டாள், சொல்லிவிட்டேன்.

"அந்தப் பயகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்டி? ஓங்கம்மாட்டயாவது?"

"சொன்னா அவன் எனக்குக் கடமைப்பட்டவனாயிருவான்ல. ஏற்கனவே ஒரு வீட்டுக்குக் கையக் கட்டி நிக்கிறான். வீட்டுக்குள்ளயும் நிக்கணுமா?"

முனீஸ்வரி கொஞ்ச நேரம் மூடியை நறுக்கினாள். "பெரிய மனுசி மாதிரிப் பேசாத. நாளைக்கு அவனே ஒன்ன மதிக்கலேன்னா எங்கிட்ட வந்துதான் ஒப்பாரி வைப்ப."

"வைக்க மாட்டேன்."

"வைப்ப. வையி. குழம்பு இருக்கு, தின்னுட்டு வையி."

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

ஷிப்ட் முடிந்து வந்தால் அம்மா ஆரம்பித்துவிட்டாள். பூசைக்கு வருவதே இல்லையாம், கோயிலில் எல்லோரும் கேட்கிறார்களாம், மன்னிப்புக் கேட்டதெல்லாம் வேஷமா என்று. ஜூடும் சேர்ந்துகொண்டான். "அவளுக்கு இருந்தா கம்பெனி, இல்லேன்னா அந்த முனீசு. வீட்டுல ஒரு துரும்ப எடுத்துப் போடுறாளா?"

சொல்லலாம். ஒரே வார்த்தை. நாக்கின் நுனிவரை வந்தது. கொக்கி, கொக்கி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். ரசம் உப்பு. அதை மட்டும் சொன்னேன்.

ஜூடு இரண்டாவது டெஸ்டில் எல்லாப் பாடமும் பாஸ். மேத்ஸில் வகுப்பிலேயே மூன்றாவது. சாருக்கு அப்பா போன் போட்டு நன்றி சொன்னார்.

ஆகஸ்ட் 23, சனி.

பார்த்துவிட்டான்.

மணல் சட்டியைத் தலையில் வைத்து நிமிர்கிறேன், கேட்டுக்கு வெளியே தெருவில் ஜூடு. கூட அவன் காலேஜ் பையன் ஒருத்தன், கையில் ஜெராக்ஸ் கட்டு. அந்தத் தெருவில்தான் யாரோ கூட்டாளி வீடாம், நோட்ஸ் வாங்க வந்திருக்கிறான். நான் அப்பாவின் பழைய சட்டை, தலையில் துண்டு. அடையாளம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. கண்ணுக்குக் கண் பார்த்தான்.

நான் என்ன எதிர்பார்த்தேன்? கேட்டைத் திறந்து வருவான். சட்டியைப் பிடுங்குவான். "என்னக்கா இது" என்று கத்துவான். நான் "போடா, போய்ப் படி" என்பேன். இத்தனையும் ஒரு நொடிக்குள் மனசில் ஓடியது. அப்போ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், இத்தனை வாரமும்.

கூட வந்தவன், "யாருடா?" என்றான்.

"கட்டட வேல நடக்குதுடா" என்றான் ஜூடு. நடந்துவிட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு.

ஷிப்டில், ஓவர்டைமுக்கு வந்திருந்த முனீஸ்வரி, "என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். ஒப்பாரி வைக்கவில்லை. கையில் கத்தி வெட்டிவிட்டது, அந்தச் சாக்கில் கொஞ்சம் அழுதுகொண்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்.

மூன்று நாளாக அவன் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான். அம்மாவுக்கு ஆச்சரியம், "காலேஜு போனதும் பொறுப்பு வந்திருச்சு" என்கிறாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் மட்டும் என்ன, பதினேழு வயசில் அந்த கேட்டைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றுதான் எழுத ஆசை. தெரியவில்லை. திறந்திருந்தால் சாருக்குத் தெரிந்திருக்கும், அவனும் சட்டி தூக்கியிருக்க வேண்டும், திங்கட்கிழமை டெஸ்ட் போயிருக்கும். அவன் கணக்கு சரிதான். மேத்ஸில் மூன்றாவதாக வந்தவன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி.

அவன் படித்துக்கொண்டிருந்தான். நான் துணி மடித்துக்கொண்டே, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஜூடு, நாளைக்கும் வர வேணாமுன்னுட்டாங்கடா. ஆள் இருக்காம்."

இப்போதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் பேனாவை மூடினான். திறந்தான். ஒரு பக்கத்தைத் திருப்பினான். அந்தப் பக்கத்தை அவன் படித்து முடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"சரிக்கா."

தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

நன்றி வேண்டாம் என்று முனீஸ்வரியிடம் வீறாப்பாகச் சொன்னவள் நான்தானே. கேட்டது கிடைத்துவிட்டது. அவன் கையைக் கட்டி நிற்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். இதையா கேட்டேன்?

போகாமல் இருந்துவிடலாம். நாளைக்கு ஒருநாள் போகாமல் இருந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், அவன் முகத்தை அப்போது பார்க்கலாம். நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டு துணியை மடித்தேன். அவன் சட்டையும் இருந்தது அதில்.

முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் பாதி மணலை மேலே ஏற்றிவிடலாம்.