அண்ணனின் பிளேடு

மதினி,

இன்று காலை நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பரளச்சியிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சுருட்டை விரியன் கடி. அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தேன். கட்டியாகி அடியில் நிற்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடியது. கடிவாயில் பிளேடால் கீறியிருந்தது. அங்கேயும் கசிவு நிற்கவில்லை.

"யாரு கீறுனது?"

"ஒங்க அண்ணந்தான் தம்பி. ஓடியாந்து கீறி விட்டாக" என்றார் கூட வந்தவர், பெருமையாக.

உங்கள் கால்தான் என் கண்முன் வந்தது.

திருச்சுழிப் பக்கம் கரி சுடும் மூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டப் போன இடத்தில் உங்களையும் விரியன் கடித்தது. விஷம் வெளியேறிவிடும் என்று அண்ணன் கீறினான். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். கரி ஏற்ற வந்த லாரி பக்கத்திலேயே நின்றது. "லோடு ஏறாம வண்டி நகராது" என்றான் காண்ட்ராக்டர். கரி மூட்டைக்கு இருந்த மதிப்பு உங்களுக்கு இல்லை. பஸ்ஸில் கொண்டுபோனோம். முதல் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அடுத்ததற்குப் போகும் வழியில் ரத்தம் நிற்காத காலை என் மடியில் வைத்துப் படுத்திருந்தீர்கள். "கொழுந்தனாரே, ஒங்க காலேஜ் சட்டையப் பாழாக்கிட்டேன். திட்டாதீக" என்றீர்கள். நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

லேப் படிப்புக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. காயம் பட்டால் ரத்தத்திலுள்ள நொதிகள் ஒன்றையொன்று எழுப்பிவிடும். கடைசியாக எழும் திராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதத்தை நூலாக்கி வலை பின்னிக் காயத்தை அடைக்கும். விரியன் விஷத்திலும் நொதிதான். தேவையில்லாத நேரத்தில் திராம்பினைக் கிளப்பி, இருக்கிற நூலையெல்லாம் உடம்புக்குள்ளேயே தீர்த்துவிடும். அப்புறம் சின்னக் கீறலை அடைக்கவும் நூல் இருக்காது. கீறாமல் இருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. ஆனால் நிற்காத ரத்தத்துக்கு அண்ணன்தான் வழி வெட்டிக் கொடுத்தான்.

இதை அவனிடம் நான் சொல்லவில்லை. "ஒடனே கீறுனேன், அப்பிடியும் போயிட்டா" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லித்தான் அவன் நடமாடிக்கொண்டிருக்கிறான். அதைப் பிடுங்க மனம் வரவில்லை. அந்த இரக்கம் இன்று பரளச்சிக்காரர் காலில் கீறலாக வந்து நின்றது. நல்லவேளை, இன்று மருந்து இருந்தது. சாயங்காலம் அவர் ரத்தம் குழாயில் உறைந்தது.

நேரே அண்ணனிடம் போனேன்.

"இனிமே யாரையும் கீறாதண்ணே. ரத்தம் நிக்காது. அப்பிடியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துரு."

அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"ஏலே, அப்ப ஒன் மதினிய..."

"அது வேற பாம்புண்ணே. அதுக்குக் கீறுனது சரிதான்."

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். மடியிலிருந்த பிளேடை எடுத்து என்னிடம் கொடுத்தான். காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

அதே பாம்புதான், மதினி.