ஏரிக்குப் போகும் கார்ட்

மே 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காற்றும். காயப்போட்ட உடுப்பெல்லாம் மறுபடி உள்ளே.

மடிக்கும்போது ஒரு பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. ஹேர்னிங் என்ற டேனிஷ் நகரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்த காலம். விலை, கூடுதல், குறைவு என்று சொற்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசை வாங்கில் இருந்த பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், ஒரு சாமான் விலை கூட எண்டு ஆர் சொல்லுறது? வாங்கிறவரோ, பக்கத்தில நிண்டு பாக்கிறவரோ?" என்று கேட்டது. வாங்குகிறவர்தான் என்று சொல்லி, கத்தரிக்காயை வைத்து ஓர் உதாரணமும் கொடுத்து, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

இன்று இந்த வீட்டில் பக்கத்தில் நின்று பார்க்கிறவள் நான். வாங்குகிறவர் இவர்.

இவருடைய வீடியோ கேம் கார்ட் வெள்ளியோடு முடிகிறதாம். புதியது வேண்டுமாம். விலை ஏறியிருக்கிறது. போன வருடமும் ஏறியது.

எழுதிவைத்தால் மனம் ஆறும். தொடக்கம் இலவசம். மகள் சுதா வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். தொழிற்சாலையில் முதுகு போய் வீட்டில் இருக்கிற மனிதர், பொழுது போகட்டும் என்று நானும்தான் சொன்னேன். பிறகு பெட்டி பழுது. புதுப் பெட்டி. பழைய டிஸ்க் அதில் ஓடாது, ஆகவே மீன் பிடிக்கிற கேமுக்குப் புது டிஸ்க். அதற்குள் ஒரே ஓர் ஏரி. இன்னோர் ஏரி வேண்டுமென்றால் தனிக் காசு. அந்த ஏரியில் வேறு ஆட்களோடு சேர்ந்து மீன் பிடிக்க வருடக் கார்ட். அவர்களோடு கதைக்க ஹெட்செட். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே ரீவிக்குக் கீழே கிடக்கிறது. வீண் செலவு.

வகுப்பில் என்றால் இப்படிச் சொல்வேன்: முன்பு பந்து வாங்கினால் பந்து. இப்போது பந்து தனி, பந்துக்குள் காற்று தனி, உதைக்கிற நிலம் தனி. காற்று வருடத்துக்கொருமுறை முடிந்துபோகும்.

காரில் போனால் சில்க்போர்க்கில் உண்மையான ஏரி. உண்மையான மீன். பிடித்தால் குழம்பும் வைக்கலாம்.

வன்னியிலிருந்து பவளம் மச்சாளின் தொலைபேசி இன்றும் இல்லை.

மே 14, வியாழன்

வெயில், ஆனால் குளிர். அடுத்த தெரு யோகம் அக்கா வந்தார், மச்சாளைப் பற்றி விசாரிக்க.

பவளம் மச்சாள் இவருடைய அக்கா. தாயில்லாத இரண்டு தம்பிமாரையும் வளர்த்தவர். புருஷனோடு வன்னியில் அகப்பட்டுவிட்டார். கடைசியாக மாசியில் கதைத்தோம். பங்கருக்குள் தண்ணீர் நிற்கிறது என்றார், லைன் அறுந்துவிட்டது.

இந்த நாட்களில் எங்கள் சனம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் இப்படித்தான் இருக்கிறது. செத்தவீடு என்றும் சொல்ல முடியாது. வெறும் தேத்தண்ணி, பலகாரம் இல்லை. ரீவியில் செய்தி ஓடும், கீழே எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். யோகம் அக்கா வீட்டில் பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு எடுத்த மண்டபத்தையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டு ரீவியில் செய்தி இல்லை. நீல ஏரி. நடுவே வள்ளம், வள்ளத்தில் தொப்பி போட்ட ஓர் ஆள். நேரம் இரண்டு மணி. தினமும் இரண்டு மணிக்கு இவரை ரீவிக்கு முன்னாலிருந்து எழுப்பவே முடியாது.

யோகம் அக்கா கன நேரம் பார்த்தார். பிறகு: "என்ன தம்பி, அங்க சனம் கடற்கரையில கிடந்து சாகுது, நீர் இஞ்ச மீன் பிடிக்கிறீர். எத்தினை கிலோ பட்டது?"

இவர் திரும்பவில்லை. கையிலிருந்த பொத்தானை அமத்தினார். வள்ளத்தின் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. தனக்குத்தான் அடித்தார் என்று நினைத்து யோகம் அக்கா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். வாசல் வரை போய்ச் சமாதானம் சொன்னேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, கமலா டீச்சர் வீட்டில் இப்படி என்று நான் நினைக்கவில்லை என்றார்.

அது போதும் எனக்கு. இந்த முறை கார்ட் இல்லை என்று இவரிடம் சொன்னேன். மச்சாள் வெளியே வந்தால் ஆயிரம் செலவு இருக்கிறது, நாலு சனம் வந்துபோகிற வீடு, ஊர் எரியும்போது விளையாட்டா என்று கேட்டேன். கொஞ்சம் கூடத்தான் சொன்னேன்.

"சரி" என்றார்.

மே 16, சனி

பால், வெங்காயம், மிளகாய்த்தூள் (தமிழ்க் கடை), இவருடைய பிறஷர் குளிசை. காரைக் கழுவவேண்டும்.

கார்ட் நேற்றோடு சரி. இரண்டு மணிக்கு நிறுத்திக் கிடந்த ரீவிக்கு முன்னால் போய் இருந்தார். தனியாக விளையாடக் கார்ட் தேவையில்லைதானே, அதே டிஸ்க், அதே ஏரி என்றேன். "தனியப் பிடிக்கிறது மீன் பிடியே" என்றார். சரி, நாளைக்குச் சில்க்போர்க் போவோம், தூண்டில் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அங்க ஆர் வருவினம்?"

விளங்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிட்டார்.

சுதாவுக்கு எடுத்தேன். அவள் டேனிஷில், நான் தமிழில், வழக்கம்போல். மாதக் கணக்கில் பிரித்தால் ஒரு பீட்சாக் காசுகூட வராது, அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள் என்கிறாள். இன்னொன்றும் சொன்னாள். அடுத்த வருடம் அந்த கேம் புதிதாக வருமாம். புதிது வந்தால் பழைய ஏரியை மூடிவிடுவார்களாம். ஏரியை எப்படி மூடுவது என்று கேட்டேன். சிரிக்கிறாள். காசு கொடுத்து வாங்கிய ஏரி.

மே 18, திங்கள்

நல்ல வெயில். முற்றத்தில் மஞ்சள் பூ.

யுத்தம் முடிந்துவிட்டதாம்.

காலையிலிருந்து தொ.பே. ஓயவில்லை. எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது. கோல்டிங்கிலிருந்து ஒருவர் எடுத்தார், தன் தம்பியைப் பற்றிக் கேட்க. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

இவர் அழவில்லை. செய்தியும் பார்க்கவில்லை. இரண்டு மணிக்குப் பெட்டியைப் போட்டார். கார்ட் முடிந்தது, புதுப்பிக்கவும் என்று டேனிஷில் ஒரு வசனம். அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். வாங்கி வரட்டோ என்று கேட்டேன். "இப்ப என்னத்துக்கு" என்றார்.

பிறஷர் கூடியிருக்கிறது. குளிசை போட்டாரோ தெரியாது. இவருக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மே 20, புதன்

உடுப்புத் தோய்த்தேன். பின்னேரம், கடைகள் பூட்டிய பிறகு, தொ.பே. கனடா நம்பர். சாந்தி.

சாந்தி இவருடைய தம்பி குணத்தின் மனைவி. ரொறன்ரோ. பருத்தித்துறையில் தகப்பன் வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்துக் கன வருடம். இனிமேல் அவனோடு கதைக்கமாட்டேன் என்று இவர் என் முன்னால் சத்தியம் செய்தார். பிறகு நாங்கள் பெண்களும் கதைப்பதில்லை. அந்த வீட்டுக்கு இப்போது கூரையும் இல்லையாம்.

"அக்கா, அத்தானுக்கு ஏதும் சுகமில்லையோ?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"வெள்ளிக்குப் பிறகு ஆளை ஏரியில காணேல்லை எண்டு இவர் ஒரே யோசினை. நைட் வேலையால வந்து சாப்பிடாமல் ரீவிக்கு முன்னாலயே கிடக்கிறார்."

அவள் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. சுதாவும் குணத்தின் மகனும் முன்பு அந்த கேமில் ஒன்றாக விளையாடியவர்களாம். இவர் சுதாவின் பெயரில் உள்ளே போகிறார், குணம் மகனின் பெயரில். ஒருநாள் ஏரியில் ஆளையாள் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து குணம் வேலை முடிந்து வருகிற காலை நேரம்தான் எங்களுக்கு இரண்டு மணி. பக்கத்தில் பக்கத்தில் வள்ளம். ஒரு சொல் இல்லை. சின்ன வயதில் ஊரில் மீன் பிடிக்கப் போன நாளில் வைத்திருந்த கணக்காம்: ஹோர்ன் இரண்டு தரம் அடித்தால் அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நீட்டி ஒரு தரம் அடித்தால் செய்தி இருக்கிறது.

யோகம் அக்காவுக்கு அடித்த ஹோர்ன் அல்ல அது.

செய்தி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். ஆனால் அதை அண்ணனுக்குத் தானேதான் சொல்லவேண்டும் என்று நிற்கிறாராம் குணம். காதில் போடுகிற சாமானை அண்ணை போட்டுக்கொண்டு வரட்டும் என்றாராம். நல்லதோ கெட்டதோ, அதை மட்டும் சொல் என்று கெஞ்சினேன். "வாக்குக் குடுத்திட்டன் அக்கா" என்றாள். குரலை வைத்தே பிள்ளை பாடமாக்கிவிட்டு வந்ததோ இல்லையோ என்று சொல்கிறவள் நான். சாந்தியின் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

இவரிடம் சொன்னேன். இந்தாருங்கள், தொ.பே. எடுத்துக் கேளுங்கள் என்றேன். மாட்டாராம், சத்தியமாம். அப்படியென்றால் இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் கதைக்கேல்லையே. மீன்தானே பிடிச்சனாங்கள்."

பிறகு, மெதுவாக: "கமலா, அவன் என்னத்தைச் சொன்னாலும் வள்ளத்தில இருந்து கேட்டால் தாங்குவன். ரெலிபோனில ஏலாது."

கார்ட் இல்லை. நான் வேண்டாமென்று சொன்ன கார்ட். நாளைக்குக் கிறிஸ்தவர்களின் விண்ணேற்ற நாள் விடுமுறை, கடை ஒன்றும் திறக்காது. இரவு நித்திரை வராது என்று இப்போதே தெரிகிறது.

மே 21, வியாழன்

வெயில். தெருவில் ஆள் இல்லை. மரக்கறிக் காசை எடுத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

பெற்றோல் நிலையங்களில் வைத்திருப்பார்கள் என்று சுதா சொன்னாள். முதலாவதில் இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் வேறு பெட்டியின் கார்ட். நிறத்தைப் பார்த்திராவிட்டால் வாங்கியிருப்பேன். மூன்றாவதில் கிடைத்தது. கடை விலையைவிடக் கூட. விற்கிற பெடியன் தானே மன்னிப்புக் கேட்பதுபோல, வருகிற மாதம் இன்னும் ஏறுகிறது என்றான்.

இரண்டு தா என்றேன்.

சமைக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு இவர் குளித்து, வெளுத்த சேட்டுப் போட்டு வந்து இருந்தார். கோயிலுக்குப் போகிறவர்போல. ஹெட்செட் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். கார்டை நாணயத்தால் சுரண்டினேன். அதிலுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக நான் வாசிக்க இவர் அமத்தினார், சொல்வதெழுதல்போல. ஓர் இடத்தில் பிழை. திரும்ப முதலிலிருந்து.

ஏரி வந்தது.

மற்ற வள்ளம் ஏற்கெனவே அங்கே நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ. ஹோர்ன். நீட்டி, ஒரு தரம்.

சாப்பாட்டு மேசையிலிருந்து கதிரை ஒன்றை இழுத்துவந்து இவர் பக்கத்தில் போட்டு இருந்தேன். இத்தனை நாளில் முதல் தடவை. எனக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை, இவருடையது மட்டும்.

"ஓம்."

"ஓமடா. கேக்குது."

இரண்டு வள்ளமும் ஆடிக்கொண்டு நின்றன. "ஆர் கண்டது?" என்றார். "நடக்கிறாவோ?" என்றார். "அத்தான்?" என்றார், மச்சாளின் புருஷனை. அதற்கு வந்த பதிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். என் கையைத் தேடிப் பிடித்தார்.

"அக்கா இருக்கிறா. முகாமில, கம்பி வேலியடியில வைச்சுக் கண்டவையாம். எங்கள் ரெண்டு பேரையும் கேட்டவவாம், கதைக்கிறவங்களோ எண்டு."

திரையில் தூண்டில் வளைந்து இழுபட்டது. ஏதோ பெரிய மீன். இவர் பார்க்கவில்லை. நான் பொத்தானை அமத்தினேன். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் ஹோர்னை அடித்துவிட்டேன். ஹெட்செட்டுக்குள் யாரோ சிரிப்பது எனக்கே கேட்டது. இவரும் சிரித்து, பிறகுதான் அழுதார்.

அடுத்த வருடம் இந்த ஏரியை மூடுவார்களாம். புதிது என்ன விலையோ.

சுதா, நான் படிப்பித்த தமிழில் என்றைக்காவது இதை வாசித்தால்: விளையாட்டுக்கு ஒருவர் காசைக் கொட்டுவதைக் கண்டாயானால், விலையைக் கேட்க முதல் ஒரு கதிரையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டு, ஓர் ஆட்டம் முடியும்வரை இருந்து பார்.