மொட்டைத் தலையில் வைத்த கை

24 நவம்பர் 1981

திருவிழாவில் காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கும் எங்கள் முனிசிபல் ஆபீஸ் ராமதாஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "தரணேந்திரா, இந்த வருஷம் நீதான்யா" என்றார் மேனேஜர். மறுத்தால் கழிப்பிட வரிசைக்குக் காவலாம்.

நானா? ஆபீஸில் 'எஸ் சார்' சொல்லவே வியர்க்கும் எனக்கு.

25 நவம்பர்

ஒத்திகை. 'ஹலோ' என்றேன். 'ஹ' மட்டும்தான் வந்தது. "எவன்டா சைக்கிள்ல காத்து புடுங்கறது?" என்று மைக்செட்காரர் வெளியே ஓடினார்.

27 நவம்பர்

என் மனைவி குணமதிக்கு இரக்கம் வந்துவிட்டது. "பயம் வந்தா கையில எதையாவது புடிச்சிக்கங்க. சொரசொரப்பா, வழவழப்பா, சில்லுனு இருக்கா, அத மட்டும் கவனிங்க. பல்லு புடுங்கறப்ப நான் அப்படித்தான் இருந்தேன்."

அன்று அவள் பிடித்திருந்தது என் கட்டைவிரலை. நகம் இன்னும் கறுப்பு.

29 நவம்பர்

வேர்க்கடலையோடு பயிற்சி. ஓட்டின் சொரசொரப்பு, நடுவே இடுப்பு மாதிரி ஒரு பள்ளம். மனசு அடங்கியது. தின்றுவிட்டேன். இன்னொன்று எடுத்தேன். அதையும்.

30 நவம்பர்

கத்தரிக்காய். வழவழப்பு, சில்லிப்பு — பிரமாதம்! முழு வாக்கியமே வந்தது. ராத்திரி அது குழம்பில் கிடந்தது. மனைவிதானே, என்ன சொல்ல?

7 டிசம்பர், தேர்

எழுதவே கை கூசுகிறது. புதுக் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கூட்டத்தில் ஒரு மாடு பைக்குள் மூக்கை விட்டுத் தின்றுவிட்டது. வெறுங்கையோடு மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

கீழ்பென்னாத்தூர் வேணு என்பவர் அழுதுகொண்டே வந்து என் காலடியில் குந்தினார். அப்போதுதான் மொட்டை போட்டு, சந்தனம் பூசியிருந்தார்.

"என் சம்சாரத்தக் காணோம் சார். பேரு ஆதிலட்சுமி."

மைக்கைத் திறந்தேன். 'ஹ'. ஐயோ, போச்சு! கை தவித்து, எதையோ பற்றிக்கொண்டது. அவசர மொட்டை, அங்கங்கே உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. மேலே சந்தனத்தின் சில்லிப்பு. மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. "ஆதிலட்சுமி அம்மா, உங்க வீட்டுக்காரர் வேணு இங்க பத்திரமா இருக்காருங்க!" என் குரலா அது? கணீரென்று!

கையை எடுத்தால் குரல் போய்விடுமோ? எடுக்காமலே மற்றவர்களின் பெயர்களையும் சொன்னேன். "இன்னும் எவ்ளோ நேரம் சார்?" என்றார் வேணு. பார்த்தால், எதிரே ஒரு வரிசை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஆதிலட்சுமி வந்தாள். "உன்ன எங்கெல்லாம் தேடறது? இங்க குந்திக்கினு ஆசீர்வாதமா வாங்கற?" என்று புருஷனை வைதுவிட்டு, என் பக்கம் தலையைக் குனிந்தாள். "எனக்கும் வையி சாமி."

"நான் சாமி இல்லம்மா, கிளார்க்கு!"

மைக் திறந்தே இருந்தது. நாலு மாட வீதிக்கும் கேட்டதாம்.

8 டிசம்பர்

எனக்கும் தொண்டை கட்டிவிட்டது. ராமதாஸ் பார்க்க வந்தார். இருவரும் பேசாமல் காபி குடித்தோம்.

31 மார்ச் 1982

மேனேஜருக்குப் பிரிவு உபசாரம். வாழ்த்திப் பேசினேன். கையில் ஒன்றுமில்லை, அது நினைவுக்கே வரவில்லை. பேசி முடித்து நிமிர்ந்தால் நாற்காலிகள் காலி. கேசரித் தட்டும் காலி. மேனேஜர் மட்டும் மாலையோடு உட்கார்ந்திருந்தார். விழா அவருக்கு, பாவம், எழுந்து போக முடியவில்லை.