திங்கட்கிழமை ஜீப் வருவதற்கு முன்

அனுப்புநர்:
ப. ஞானஜோதி,
க/பெ பவுல்ராஜ்,
மூன்றாம் லயம், கீழ் டிவிஷன்,
மஞ்சுக்கல் எஸ்டேட்,
பீர்மேடு தாலுகா.

பெறுநர்:
கனம் ஜில்லா கலெக்டர் அவர்கள்,
இடுக்கி ஜில்லா.
(முகாம்: பீர்மேடு)

பொருள்: குணமாகாத நோயாளிகளுக்கு வலி தீர்க்கும் ஊசி மருந்தை அவர்கள் படுத்திருக்கும் வீட்டிலேயே கொடுக்கும்படி விதியை மாற்றக் கோருவதும், என் கணவரை லயத்து வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதை உடனே நிறுத்தக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட விலாசத்தில் குடியிருக்கும் ஞானஜோதி ஆகிய நான் தங்கள் சமுகத்தில் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: நான் இந்த எஸ்டேட்டில் தற்காலிகப் பதிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். என் கணவர் பவுல்ராஜ், மீசை முளைக்கும் முன்பிருந்தே இதே எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர். தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளாகிய இந்த லயத்தில் நாங்கள் குடியிருக்கும் அறை அவர் பெயரில் உள்ளது. இந்த மனுவை எழுதித் தரும்படி பீர்மேட்டில் மனு எழுதுகிறவரிடம் முதலில் போனேன். எஸ்டேட்டின் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இந்தக் காலத்துல இதெல்லாம் வேணாம்மா, பேசாம வீட்டுக்குப் போ" என்றார். தொழிற்சங்கத்து ஆட்களும் அவசர நிலை வந்ததிலிருந்து ஆபீஸ் பக்கம் வாய் திறப்பதில்லை. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் என் கைப்படவே எழுதுகிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

2. சென்ற கிறிஸ்துமஸ் சமயத்தில் என் கணவரின் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் கண்டது. காரம் பட்டால் எரிகிறது என்றார். வெற்றிலையை நிறுத்தினார். ஈஸ்டருக்குள் அது தாடைக்குக் கீழே கட்டியாக இறங்கிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் குரியாக்கோஸ் அவர்கள் பார்த்த அன்றைக்கே கோட்டயத்துக்கு அனுப்பினார். அங்கே கட்டியைக் கரைக்கக் கரண்டு என்று சொல்லும் கதிர் வைத்தியம் செய்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்ததே தவிரக் கட்டி கரையவில்லை. பெரிய டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

3. ஆனால் அந்த வார்டில் நான் கண்ட ஒன்றைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். வலி தாங்காமல் என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நர்ஸ் வந்து ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முகம் பழைய முகமாகியது. என்னைப் பார்த்து, "ஜோதி, வெளிய மழை விட்டிருச்சா? கொஞ்சம் கஞ்சி குடுடி" என்றார். அவர் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நோயைத் தீர்க்க மருந்து இல்லை, வலியைத் தீர்க்க மருந்து உண்டு என்று அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். இவை இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் நான் எந்த ஆபீசிலும் புரியவைக்க முடியாமல் இருக்கிறேன்.

4. ஊருக்கு வந்த பிறகு அதே ஊசியைக் கேட்டு எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து அங்கே பூட்டிய அலமாரியில் இருக்கிறது. டாக்டர் குரியாக்கோஸ் அவர்கள் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்து விளக்கினார். அவர் சொல்லி நான் விளங்கிக்கொண்டது பின்வருமாறு: இது அபின் வகை மருந்து. ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு மட்டும்தான் கொடுக்கலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் டாக்டர் மேல் வழக்கு வரும். படுக்கையோ, குணமாகி வேலைக்குத் திரும்பக்கூடியவர்களுக்கு மட்டும்தான். குணமாகாதவர் என்று டாக்டர் எழுதிவிட்டால் அவருக்குப் படுக்கை கிடையாது. அது மட்டுமல்ல, அப்படி எழுதிய நாளே ஆபீசில் பெயர் வெட்டப்படும், அறையும் காலி செய்யப்பட வேண்டும். படுக்கை இருந்தால்தான் மருந்து, குணமானால்தான் படுக்கை என்றால், குணமாகாதவன் என்ன செய்வான் ஐயா? இதை நான் கேட்டபோது டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இன்னும் எழுதல. நீ அவரை இங்கே கொண்டு வராதே. கொண்டு வந்தா நான் எழுதணும்" என்றார்.

5. எழுதினால் என்ன நடக்கும் என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இரண்டு அறை தள்ளி அழகுத்தாய் என்ற அம்மாள் இருந்தார். மார்பில் கட்டி வந்து உடைந்துவிட்டது. டாக்டர் குரியாக்கோஸ் அவர்களுக்கு முன்பிருந்த டாக்டரிடம் அழகுத்தாய் ஊசி கேட்டுப் போனார். அந்த டாக்டர் குணமாகாது என்று எழுதினார். சில நாட்களில் எஸ்டேட் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றது. சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அந்த அம்மாள், "எது எங்க ஊரு? நான் மேல் டிவிஷன்லதானய்யா பொறந்தேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லையிலுள்ள குமுளியில் இறக்கி, அவர் கணவர் கையில் எல்லைக்கு அப்பாலுள்ள கம்பத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு ஜீப் திரும்பிவிட்டது. பஸ் மலையிறங்கும்போது வளைவில் அழகுத்தாயின் உயிர் பிரிந்தது. கம்பத்தில் அவர்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. யாரோ இரக்கப்பட்டு அடக்கம் செய்தார்கள். அவர் இறந்தது அந்த மாநிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம் மாநிலக் கணக்கில் அவர் சாகவே இல்லை.

6. அதற்குப் பிறகு எங்கள் லயங்களில் நோயாளிகளைக் காண்பது அரிதாகிவிட்டது. நோய் குறைந்ததால் அல்ல, ஐயா. ஒளித்து வைக்கிறோம். ஜன்னலுக்குக் கம்பளி கட்டுகிறோம். எஸ்டேட் காவலாளியான வாட்சர் வரும் சத்தம் கேட்டால் வாயில் துணியை வைத்துக்கொள்ளும்படி நோயாளிக்குச் சொல்லியிருக்கிறோம். அப்படியும் முனகல் வெளியே வந்தால் பக்கத்து அறைகளில் உள்ள பெண்கள் சேர்ந்து உரக்கப் பாட்டுப் பாடுவார்கள். இப்போது வாட்சருக்கு அதுவும் தெரிந்துவிட்டது. வேலை நாளில் எந்த லயத்தில் பாட்டுக் கேட்கிறதோ அந்த வாசலில் வந்து நின்றுகொள்கிறார். பீடி தீரும்வரை நின்றுவிட்டுப் போகிறார். எங்கள் லயத்தில் என் கணவரைத் தவிர இன்னும் சிலர் இப்படிக் கிடக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுத வேண்டாம் என்று காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

7. இனிப் பொறுக்க முடியாது என்ற நிலையில் நான் எல்லை தாண்டிக் கம்பத்துக்குப் போனேன். கோட்டயத்துக் கடிதத்தைக் காட்டினேன். அங்கே ஒரு டாக்டர் அதைப் படித்து, தம் கைச்சீட்டுடன் சில ஊசி மருந்துக் குப்பிகளைக் கொடுத்தார். எங்கள் பக்கத்து அறையில் இருக்கும் அன்னாள் முன்பு பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர். ஊசி போடத் தெரியும். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். குப்பிகள் அகப்பட்டன. நான் மறைக்கவில்லை; சீட்டைக் காட்டினேன். காவலர் அதை முழுவதும் படித்தார். "அம்மா, இது அந்தப் பக்கத்துச் சீட்டு. இந்தப் பக்கம் செல்லாது. அடுத்த தடவை கேஸ் எழுதணும்" என்றார். அவர் தம் கடமையைச் செய்தார். மருந்தை எடுத்துக்கொண்டு, என் பெயரையும் எஸ்டேட் பெயரையும் குறித்துக்கொண்டார். பஸ் கிளம்பியபோது குப்பிகள் அவர் மேஜையின் மேல் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வாரமே விசாரணைக்காக ஓர் அதிகாரி எஸ்டேட் ஆபீசுக்கு வந்து போனதாகக் கேள்வி. அன்று முதல் வாட்சர் பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. நேராக எங்கள் வாசலுக்கே வருகிறார்.

8. என் கணவரின் இப்போதைய நிலை இது. வாய் திறக்க முடியவில்லை. பாலைத் துணியில் நனைத்துப் பிழிகிறேன். வலி வரும்போது தலையைச் சுவரில் முட்டுகிறார். அந்த இடத்தில் சாக்கை மடித்துக் கட்டியிருக்கிறேன். சென்ற வாரம் ஒருநாள் கையை நீட்டி அடுப்புக்கு மேலுள்ள பலகையைக் காட்டினார். தண்ணீரா என்றேன், விளக்கா என்றேன், இல்லை என்று தலையாட்டினார். பிறகுதான் அங்கே இருந்த பூச்சிமருந்து டப்பாவைப் பார்த்தேன். ஐயா, அவர் ஆலயத்தில் ஆராதனைக்கு மணியடித்த மனிதர். அந்த டப்பாவை அன்றைக்கே ஓடையில் எறிந்தேன். கவாத்துக் கத்தியை அன்னாளிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் வேலைக்குப் போகும்போது அவரைத் தனியே விட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. தேயிலைக்குள் நிற்கும்போது யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூடையைப் போட்டுவிட்டு லயத்துப் பக்கம் திரும்பிவிடுகிறேன்.

9. இந்நிலையில், வரும் திங்கட்கிழமை காலை லயங்களில் சுத்தம் பார்க்க வருவதாக நேற்று, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் மஸ்டர் களத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். சாக்கடையை ஒருவரும் துப்புரவாக்கச் சொல்லவில்லை. சுண்ணாம்பும் வரவில்லை. ஜீப்பை மட்டும் கழுவிப் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டார்கள். நோயாளி படுக்கும் அளவுக்கு அதில் இப்போது இடம் இருக்கிறது.

10. ஆகையால் தங்களை வேண்டிக்கொள்வது: என் கணவர் சாகும்வரை அவர் பெயரை வெட்டாமலும், அறையைப் பறிக்காமலும், அவரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகாமலும் இருக்க உத்தரவிட வேண்டும். குணமாகாத நோயாளிக்கு ஊசி மருந்தை டாக்டரோ நர்ஸோ வீட்டுக்கு வந்து போட அனுமதி தர வேண்டும். விதி இடம் தராது என்றால் விதியைத் திருத்தும்படி தாங்கள் சர்க்காருக்கு எழுத வேண்டும். அபினை விற்கிறவனுக்காகச் செய்த சட்டம், அடுப்பங்கரையில் கிடந்து துடிக்கிறவன் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறது. சட்டம் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்
ப. ஞானஜோதி

இடம்: மஞ்சுக்கல் எஸ்டேட்
தேதி: 30-7-1976

பின்சேர்க்கை (1-8-1976, ஞாயிற்றுக்கிழமை):

மேலே உள்ளதை எழுதி முடித்த பின் நடந்ததையும் தாங்கள் அறிய வேண்டும். இன்று ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பியபோது, டாக்டர் குரியாக்கோஸ் அவர்கள் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்தே வந்தார். பை கொண்டுவரவில்லை. மருந்துக் குப்பி சட்டைப்பையில் இருந்தது. அன்னாளை வெந்நீர் வைக்கச் சொல்லித் தாமே ஊசி போட்டார். என்னிடம், "கலெக்டருக்கு மனு எழுதறியாமே. ஞான்தான் கொடுத்தது என்னு எழுது. மறைக்க வேண்டா. இன்னைக்கு மேனேஜர்கிட்டயும் ஞான்தான் போய்ப் பறயும்" என்று மலையாளம் கலந்து சொன்னார். அவர் வற்புறுத்தியதால்தான் எழுதுகிறேன். நாளை விடியற்காலை இன்னோர் ஊசி போட வருவதாகவும், அதற்குப் பிறகு அலமாரிச் சாவி தம்மிடம் இருக்குமா என்பது தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் தூங்கினார். கோட்டயத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தூங்கினார். மத்தியானம் விழித்து, தம் தலையைத் தொட்டுக் காட்டினார். வலிக்கிறதோ என்று பயந்தேன். சீப்பைக் கேட்கிறார் என்று பிறகு புரிந்தது. எண்ணெய் வைத்து வாரிவிட்டேன். கண்ணாடியைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார்.

நாளைக் காலை இரண்டாவது ஊசியின் மயக்கத்தில் அவரை அன்னாளிடம் விட்டுவிட்டு இந்த மனுவுடன் பீர்மேட்டுக்கு முதல் பஸ்ஸில் கிளம்புவேன். நான் தங்கள் முகாமில் வரிசையில் நிற்கும் அதே நேரத்தில் ஜீப் எங்கள் லயத்தில் நிற்கும். எங்கள் மனுக்களை வழக்கமாக, விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்று மேலே எழுதி எஸ்டேட் ஆபீசுக்கே அனுப்பிவிடுகிறார்கள். இதையும் அப்படி அனுப்பினால், இதைப் படிக்கும் முதல் ஆள் ஜீப்பை அனுப்பியவராகவே இருப்பார். ஆகவே இதன்மேல் எதுவும் எழுதும் முன் ஒரு சேவகரை, ஒரு போலீஸ்காரரை, யாரையாவது ஒருவரைத் தங்கள் உத்தரவுடன் மூன்றாம் லயத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். ஊசி போட்ட குற்றத்துக்காக டாக்டரைத் தண்டிக்காமல் காக்க வேண்டும்.

மருந்தின் மயக்கம் உச்சி வேளைவரை இருக்கும் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் கண் விழிக்கும்போது தம் அறையில் இருப்பாரா, மலையிறங்கும் பஸ்ஸில் இருப்பாரா என்பது தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

ப. ஞானஜோதி