ஆளில்லாத காருக்கு நீட்டிய சிகரெட்

அன்பு மகள் யுன்ஷுவுக்கு அம்மா எழுதுவது. ஹார்பின் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம்தான், ஆனால் இனி அவர் டாக்ஸி ஓட்டப் போவதில்லை. பதறாதே, முழுதும் படி.

வூஹானில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் ஓட்டுநர் இல்லாத கார்தான். ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதை நான் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். அப்பா அதைத் திட்டாத நாளில்லை, போதாக்குறைக்கு அவர் கூட்டாளி பாங் வேறு, "அதுக்கென்ன பொண்டாட்டியா புள்ளையா, பாதிக் காசுக்கே ஓடும், நம்ம வயித்துல அடிக்கத்தான் வந்திருக்கு" என்று தூபம் போடுவார். போன செவ்வாய்க்கிழமை காலை, வலப்பக்கம் வந்த ஆளில்லாத கார் ஒன்று ஆள் கடக்கும் வெள்ளைக் கோட்டின் முன்னால் நின்றுவிட்டது. வழி காலியாகத்தானே இருக்கிறது, இந்தத் தகரம் ஏன் நிற்கிறது என்று திட்டிக்கொண்டே அப்பாவும் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறார். அப்புறம்தான் இடப்பக்கமிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் கண்ணில் பட்டாளாம். நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி.

உதவி செய்த ஓட்டுநருக்குச் சிகரெட் நீட்டாமல் உன் அப்பா என்றைக்குப் போயிருக்கிறார்? இறங்கிப் போய் அந்தக் காரின் முன்னால் நின்று ஒன்றை நீட்டியிருக்கிறார். முதல் தடவையே வாங்கிக்கொள்வது மரியாதையில்லை அல்லவா, அதனால் விடாமல் மூன்று தடவை. எதிரே ஆள் நிற்பதால் அது நகரவில்லை, பின்னால் ஒரே ஹாரன். போக்குவரத்துப் போலீஸ்காரி ஓடி வந்து, "பெரியவரே, உள்ள ஆளே இல்ல, யாருக்கு நீட்டுறீங்க?" என்று கேட்டாளாம். "தெரியும்மா. நான் பாக்காதத அது பாத்துச்சு, சும்மா எப்படிப் போறது?" என்றாராம். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கிறது. ஒரு வருஷமாகவே ஓரத்தில் வருவது எதுவும் தெரியவில்லையாம், என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. நான் அன்று கத்திய கத்தல் உனக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு ஆளில்லாத காரில்தான் போனோம். மழை, பாலத்தில் நெரிசல், அது எதிலும் உரசவில்லை, யாரையும் வையவில்லை, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பாவின் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. இது கண் அழுத்த நோய், போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பும்போது அந்தக் கால் அசையவில்லை. முப்பது வருஷமாக அவர் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை, கண் சாலையில்தான். அன்று பாலம் முடியும் வரை, ஓரத்தில் தெரியாததால் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இது பிள்ளைகளுக்கும் வரக்கூடியதாம். இந்த வாரமே டாக்டரிடம் கண்ணைக் காட்டு, அப்பாவைப் போல ஒளிக்காதே. நீண்ட ஆயுளோடு, நல்ல கண்ணோடு இரு மகளே.

உன் அம்மா,
தாவ் குயிஜென்